எழுத்து தெரியாத ஊருக்குச் சித்திர வழிகாட்டி: சீன நகரங்களின் இணையப் பட வரைபடங்கள்

சீனாவிற்குச் சென்று வருவது மலேசிய மாணவர்களுக்கு முன்பைவிட இன்று எளிதாகிவிட்டது. 2023 டிசம்பர் 1 முதல் மலேசியர்கள் விசா இல்லாமலேயே சீனாவிற்குள் நுழையலாம் என்ற சலுகை வந்தது. இரு நாடுகளுக்கும் இடையிலான ஒப்பந்தம் 2025 ஜூலை 17-இல் நடப்புக்கு வந்தது. அதன்படி ஒரு பயணத்தில் 30 நாள் வரை அங்குத் தங்கலாம். மலிவு விமானக் கட்டணமும் கிடைத்துவிட்டால், ஒரு செமஸ்டர் விடுமுறையில் போய்த் திரும்புவது நம் கைக்கு எட்டிய காரியமே.

ஆனாலும் நம்மவர்களிடம் ஒரு தயக்கம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்து வந்த நமக்குத் தமிழ் தெரியும், மலாய் தெரியும், ஆங்கிலம் தெரியும். சீன எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. ஈப்போவில் ஜெலாப்பாங் புதுக்கிராமத்தின் பக்கத்தில் வளர்ந்தவள் நான். சந்தையில் காய்கறி வாங்கும் அளவுக்குக் கெண்டனீஸ் வாயில் வரும். ஆனால், கடைப் பலகைகளில் உள்ள எழுத்துகள் இருபது ஆண்டுகளாக என் கண்ணுக்கு வெறும் கோலங்கள்தாம். “பாஷை தெரியாத ஊர்ல தொலைஞ்சு போனா யார்கிட்ட கேப்ப?” என்று அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. இதனால்தான் நம்மவர்கள் பெரும்பாலும் சுற்றுலா நிறுவனத்தின் கொடிக்குப் பின்னாலேயே நடந்துவிட்டு வருகிறார்கள்.

எழுத்து தெரியாதவருக்கும் வழி காட்டக்கூடிய ஒரு கருவி இருக்கிறது. அதுதான் கட்டடங்களையும் பாலங்களையும் கோயில்களையும் படமாகவே வரைந்து, தொட்டால் விவரம் சொல்லும் இணையச் சித்திர வரைபடம். கடந்த விடுமுறையில் நாங்கள் மூன்று தோழியர் ஃபுஜியான் மாநிலத்தின் சியாமென், சுவான்சௌ ஆகிய நகரங்களுக்கு இதன் துணையோடு சென்று வந்தோம். இந்த வரைபடம் எப்படி உருவாகிறது, எங்கே கை கொடுக்கிறது, எதை மறைக்கிறது என்பதை அந்த அனுபவத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சித்திர வரைபடம் என்பது என்ன?

சாதாரண வரைபடம் ஊரை நேர் மேலிருந்து பார்க்கிறது. சாலை ஒரு கோடு, கட்டடம் ஒரு சதுரம், மற்றவை எல்லாம் பெயர்கள். அந்தப் பெயரைப் படிக்கத் தெரியாவிட்டால் வரைபடத்தில் பாதி இல்லாமலே போய்விடுகிறது. சித்திர வரைபடம் ஊரைச் சாய்வாகப் பார்க்கிறது. கோயிலின் வளைந்த கூரை, பாலத்தின் வளைவுகள், கோபுரத்தின் அடுக்குகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன. பெயரைப் படிக்காமலேயே “இதோ இந்த இரட்டைக் கோபுரம்” என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இது நமக்குப் புதிதன்று. 2014-ஆம் ஆண்டு லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிக் ஈப்போ பழைய நகரில் சுவரோவியங்களை வரைந்தார். அதன் பிறகு, அவற்றைத் தேடிச் சந்துகளில் நடக்கும் சுற்றுப்பயணிகளின் கையில் படம் போட்ட வரைபடங்களைக் காணலாம். சீனாவிலோ இந்த மரபுக்கு நீண்ட வரலாறு உண்டு. சூசௌ நகரின் வரைபடம் ஒன்று 1229-ஆம் ஆண்டில் கல்லில் செதுக்கப்பட்டது. ‘பிங்ஜியாங் படம்’ எனப்படும் அந்தக் கல்லில் கால்வாய்களும் நூற்றுக்கணக்கான பாலங்களும் கோயில்களும் அரசு அலுவலகங்களும் சின்னஞ்சிறு சித்திரங்களாக இருக்கின்றன. அந்தக் கல் இன்றும் சூசௌவில் பாதுகாக்கப்படுகிறது.

இதே முறை 2000-களில் கணினித் திரைக்கு வந்தது. ஹாங்சௌ நகரில் தோன்றிய ‘ஈ துஷி’ என்ற வலைத்தளம், சீன நகரங்கள் பலவற்றைத் தெருத்தெருவாகச் சாய்வுப் படங்களாக வரைந்து வெளியிட்டது. அக்காலத்தில் ‘சிம்சிட்டி’ கணினி விளையாட்டில் ஊர் கட்டிய மூத்த மாணவர்களுக்கு அந்தப் படங்கள் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விளையாட்டில் பார்த்த அதே கோணம்தான், ஆனால் இங்கே உண்மையான நகரம்.

இன்று இது கைப்பேசிக்கு மாறிவிட்டது. சீனர்கள் இதை ‘ஷௌஹுய் தீதூ’ என்கிறார்கள். கையால் வரைந்த நிலப்படம் என்று பொருள். சுற்றுலாத் தலங்களின் நுழைவாயிலில் உள்ள கட்டக்குறியை வீசேட் செயலியில் படம்பிடித்தால், பல இடங்களில் அந்தத் தலத்தின் சித்திர வரைபடம் திறக்கிறது. ஒரு மண்டபத்தைத் தொட்டால் அதன் புகைப்படமும் ஒலி விளக்கமும் வருகின்றன. கழிப்பறை எங்கே, வெளியேறும் வழி எங்கே என்பதும் குறிகளாகத் தெரிகின்றன. யுன்னான் மாநிலம் 2018-இல் டென்சென்ட் நிறுவனத்தோடு சேர்ந்து, மாநிலம் முழுவதற்குமான இத்தகைய வசதியை ஒரே செயலியில் தொடங்கியது.

படத்திற்குள் என்ன நடக்கிறது?

முதலில் சாய்வுக் கோணத்தைப் பார்ப்போம். நாம் கண்ணால் ஒரு தெருவைப் பார்க்கும்போது, தூரத்தில் உள்ள கட்டடம் சிறிதாகவும் அருகில் உள்ளது பெரிதாகவும் தெரியும். சித்திர வரைபடத்தை அப்படி வரைய முடியாது. அப்படி வரைந்தால் நகரின் ஒரு பகுதி பெரிதாகவும் மறு பகுதி எறும்பாகவும் ஆகிவிடும். ஆகவே, எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அளவு குறையாத ஒரு கோணத்தில் வரைகிறார்கள். இணையாகச் செல்லும் கோடுகள் கடைசி வரை இணையாகவே செல்கின்றன. இதனால் பத்து ஓவியர்கள் பத்துப் பகுதிகளைத் தனித்தனியே வரைந்தாலும், தரையோடுகளைப் போல அவற்றை ஒட்டிவிடலாம். ஒட்டிய இடம் தெரியாது.

அடுத்தது பெரிதாக்கும் வித்தை. ஒரு நகரம் முழுவதற்குமான படத்தை ஒரே கோப்பாக அனுப்பினால் எந்தக் கைப்பேசியும் திணறிவிடும். ஆகவே, படத்தைச் சிறு சதுரங்களாக வெட்டி வைக்கிறார்கள். வழக்கமாக ஒரு சதுரத்தின் பக்கம் 256 புள்ளிகள். மிகச் சிறிய நிலையில் நகரம் முழுவதும் ஒரே சதுரத்தில் அடங்குகிறது. ஒரு படி பெரிதாக்கினால் 4 சதுரங்கள், அடுத்த படியில் 16, அதற்கடுத்து 64. இப்படியே பத்தாவது நிலைக்குப் போனால் 262,144 சதுரங்கள். ஆனால், உங்கள் திரையில் தெரியும் இருபது முப்பது சதுரங்களை மட்டுமே கைப்பேசி வாங்கிக்கொள்கிறது. இணையம் மெதுவாக இருக்கும்போது படம் கட்டம் கட்டமாக நிரம்புவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, தொட்டால் பேசும் வசதி. ஒவ்வொரு கட்டடத்தின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி போடப்பட்டிருக்கிறது. உங்கள் விரல் எந்த வேலிக்குள் விழுகிறது என்று கணக்கிட்டு, அதற்குரிய விவரத்தைச் செயலி எடுத்துக் கொடுக்கிறது.

நான்காவது, நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி. ஓவியர் வரைந்த படம் உண்மையான நிலத்தோடு அச்சு அசலாகப் பொருந்தாது. ஆகவே, வாயில், கோபுரம், பாலம் எனச் சில இடங்களைத் தேர்ந்தெடுத்து, ‘படத்தில் இந்தப் புள்ளி, நிலத்தில் இந்த இடம்’ என்று ஆணி அடித்ததுபோல் பொருத்துகிறார்கள். ஆணி அடித்த இடங்களுக்கு அருகில் நீலப் புள்ளி சரியாக நிற்கும். இரண்டு ஆணிகளுக்கு நடுவில் அது கொஞ்சம் விலகும். கோயிலுக்குள் நின்றுகொண்டிருக்கும்போது குளத்துக்குள் நிற்பதாகப் படம் காட்டினால் பதற வேண்டாம். கண் முன்னே தெரியும் கட்டடத்தை நம்புங்கள்.

புள்ளி ஏன் தெரு மாறி நிற்கிறது?

சீனாவில் இதற்கும் மேலான சிக்கல் ஒன்று உண்டு. நம் கைப்பேசி செயற்கைக்கோளிடமிருந்து பெறும் இடக்கணக்கு உலகம் முழுதும் பொதுவானது. ஆனால், சீனாவில் வெளியாகும் வரைபடங்கள் அந்தக் கணக்கை அப்படியே பயன்படுத்தக் கூடாது. பாதுகாப்புக் காரணங்களைக் கூறி, ‘ஜி.சி.ஜே-02’ எனப்படும் வேறொரு கணக்கையே பயன்படுத்த வேண்டும் என்று அந்நாடு விதித்துள்ளது. அந்தக் கணக்கு ஒவ்வோர் இடத்தையும் வேண்டுமென்றே நகர்த்தி வைக்கிறது. நகரும் தூரம் ஏறத்தாழ 100 முதல் 700 மீட்டர் வரை இருக்கும், அதுவும் இடத்துக்கு இடம் வேறுபடும். பைடு நிறுவனம் இதற்கு மேல் தனக்கென இன்னொரு மாற்றத்தையும் செய்துகொள்கிறது.

இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதற்கு ஈப்போவையே எடுத்துக்கொள்வோம். ரயில் நிலையத்தின் வாசலில் நிற்கும் ஒருவரை, நகர மன்றத்தைத் தாண்டி பர்ச் மணிக்கூண்டுக்கு அருகே நிற்பதாகக் காட்டினால் அவர் என்ன செய்வார்? அதே குழப்பம்தான். கூகுள் வரைபடத்தில் சீன நகரம் ஒன்றைச் செயற்கைக்கோள் படமாகத் திறந்து, அதன் மேல் சாலைக் கோடுகளைப் போட்டுப் பாருங்கள். கோடுகள் ஆற்றின் மேலும் கூரைகளின் மேலும் ஓடுவதைக் காணலாம்.

சீனச் செயலிகள் தங்களுக்குள் இந்தக் கணக்கை மாற்றிக்கொள்வதால், அவற்றில் புள்ளி சரியாக நிற்கிறது. ஆகவே, நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு வரைபடத்தில் எடுத்த இட எண்களை இன்னொரு வரைபடத்தில் போடாதீர்கள். இடத்தின் பெயரைச் சீன எழுத்தில் நகலெடுத்து ஒட்டுங்கள். எண் நகரும், பெயர் நகராது.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். சீனாவில் நில அளவை செய்வதற்கும் வரைபடம் தயாரிப்பதற்கும் வெளிநாட்டவர் முன் அனுமதி பெற வேண்டும். வழி தேடுவதில் தவறில்லை. ஆர்வத்தில் நாமே அளந்து குறித்து வெளியிடும் வேலையை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் பயன்படுத்திய முறை

சுவான்சௌவைத் தேர்ந்தெடுத்ததற்குத் தமிழே காரணம். சோங், யுவான் ஆட்சிக் காலங்களில் உலகின் பெரிய துறைமுகங்களுள் ஒன்றாக இருந்த ஊர் அது. அயல்நாட்டு வணிகர்கள் அதைச் சைத்தூன் என்று அழைத்தார்கள். 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்துள்ளது. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைக் கூறும் அந்தக் கல்வெட்டின் கடைசி வரி சீன எழுத்தில் உள்ளது. 2021-இல் யுனெஸ்கோ இந்நகரின் 22 இடங்களை ஒன்றாகச் சேர்த்து உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

புறப்படுவதற்கு முன் நாங்கள் செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன். எந்தச் சீன நகரத்திற்கும் இது பொருந்தும்.

முதலாவது, ஊரின் பெயரைச் சீன எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வது. சுவான்சௌ, குவாங்சௌ, ஜாங்சௌ மூன்றும் வெவ்வேறு நகரங்கள். தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் மூன்றும் உடன்பிறப்புகள் போலத் தெரிகின்றன. சீன எழுத்தில் முதல் எழுத்து முற்றிலும் வேறு. ரயில் சீட்டு வாங்கும் இடத்தில் இது மிக முக்கியம்.

இரண்டாவது, சித்திர வரைபடத்தைத் திறந்து ஐந்து அடையாளங்களை மட்டும் மனத்தில் பதிப்பது. நாங்கள் தேர்ந்தெடுத்தவை: கையுவான் கோயிலின் இரட்டைக் கல் கோபுரங்கள், அதன் முன் செல்லும் மேற்குத் தெரு, 1009-இல் தோன்றிய சிங்ஜிங் பள்ளிவாசலின் கல் வாயில், அதன் அருகே உள்ள குவான்தி கோயில், கடல்சார் அருங்காட்சியகம். 40 மீட்டருக்கு மேல் உயரமான அந்தக் கோபுரங்கள் பழைய நகரின் தாழ்ந்த கூரைகளுக்கு மேலே தலைநீட்டி நிற்கின்றன. அவற்றைக் கண்டுவிட்டால் நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, படத்தில் வடக்கு எங்கே என்று பார்ப்பது. சாதாரண வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கும். சாய்வாக வரைந்த படத்தில் அது மூலைக்குத் திரும்பியிருக்கலாம். மூலையில் உள்ள திசைக்குறியைப் பார்த்த பிறகே நடக்கத் தொடங்குங்கள்.

நான்காவது, தூரத்தைப் படத்தில் அளக்காமல் இருப்பது. சித்திரத்தில் பெருமைக்குரிய இடங்கள் பெரிதாகவும் இடைப்பட்ட தெருக்கள் சுருங்கியும் இருக்கும். எங்களுக்குக் கிடைத்த ஒரு படத்தில், 11-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட லோயாங் கல் பாலம் கையுவான் கோயிலிலிருந்து இரண்டு விரல்கடைத் தூரத்தில் இருந்தது. உண்மையில் அது 10 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே, எந்த இடம் வேண்டும் என்பதைச் சித்திரத்தில் முடிவு செய்து, எவ்வளவு தூரம், எந்தப் பேருந்து என்பதை ஆமேப் போன்ற வழிகாட்டும் செயலியில் பார்த்துக்கொண்டோம். ஆமேப்பை இப்போது ஆங்கிலத்திலும் பயன்படுத்த முடிகிறது.

ஐந்தாவது, சில எழுத்துகளைப் படமாகவே கற்றுக்கொள்வது. மொழி கற்க ஆண்டுகள் ஆகும், அடையாளம் காண ஒரு மாலைப்பொழுது போதும். வெளியேறும் வழியைக் குறிக்கும் ‘சூகௌ’ என்பதில் முதல் எழுத்து ஒரு மலையின் மேல் இன்னொரு மலையை வைத்தது போல இருக்கும். இரண்டாவது எழுத்து ‘கௌ’, அதாவது வாய், வெறும் சதுரம். நுழைவாயிலுக்கு அதே சதுரத்தின் முன் கூரை போன்ற இரண்டு கோடுகள். இவற்றோடு தோங், நான், சீ, பெய் என்னும் நான்கு திசைகளின் எழுத்துகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீனாவில் ஒரே நகரத்தில் பெய்ஜிங் மேற்கு, குவாங்சௌ தெற்கு என்று பல ரயில் நிலையங்கள் உண்டு. திசை எழுத்து தெரிந்தால் நிலையம் மாறாது.

ஆறாவது, தேவையான படங்களைத் திரைப்பிடிப்பாகச் சேமித்து வைப்பது. மலேசிய எண்ணிலேயே ரோமிங் சேவையைப் பயன்படுத்தினால் கூகுள் பொதுவாக வேலை செய்கிறது, தங்கும் விடுதியின் வைஃபையில் வேலை செய்வதில்லை. எது எப்போது நிற்கும் என்று காத்திருப்பதைவிட, படம் கையில் இருப்பது நல்லது. கட்டணம் செலுத்துவதில் சிரமம் இல்லை. நம் டச் அண்ட் கோ மின்பணப்பையே அலிபே ஏற்கும் பல கடைகளில் செல்லுகிறது.

வழி கேட்கவும் அந்தப் படமே உதவியது. பேருந்து நிறுத்தத்தில் இருந்த ஒரு மூதாட்டியிடம் எங்கள் மாண்டரினில் பேசினோம். அவருக்கும் புரியவில்லை, எங்களுக்கும் புரியவில்லை. கைப்பேசியில் பள்ளிவாசலின் கல் வாயில் படத்தைக் காட்டியதும், சிரித்துக்கொண்டே எங்கள் தோளைப் பிடித்து எதிர்த் திசைக்குத் திருப்பிவிட்டார். அந்த ஊரின் பேச்சு மொழி ஹொக்கியேன். நாம் நாள்தோறும் சொல்லும் ‘தௌக்கே’ அந்த மொழிச் சொல்தான். கடைக்காரரை அப்படி அழைத்தபோது அவர் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது.

படம் காட்டாதது

இவ்வளவு பயன் தரும் கருவிக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதை நாங்கள் கையுவான் கோயிலில் கண்டோம்.

சாய்வாக வரைந்த படத்தில் ஒரு கட்டடத்தின் முன்புறம்தான் தெரியும். பின்புறம் தெரியாது. பின்னால் உள்ளவற்றை உயரமான கட்டடம் மறைத்துவிடும். இது ஓவியரின் குறையன்று, கோணத்தின் இயல்பு. நாங்கள் பார்த்த எல்லாச் சித்திரங்களிலும் கையுவான் கோயிலின் பெரிய மண்டபம் அழகிய கூரையோடு தெற்கு நோக்கி நின்றது. இருபுறமும் கோபுரங்கள். முன்னே ஆலமரங்கள். தொட்டால் புத்தர் சிலைகளைப் பற்றி விளக்கம் வந்தது.

தமிழர்கள் அங்கே காண வேண்டியது அந்த மண்டபத்தின் பின்புறத்தில் இருக்கிறது. பின் தாழ்வாரத்தில் இரண்டு கல் தூண்கள் நிற்கின்றன. அவற்றில் நரசிங்கமும் கண்ணனும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் தூண்களில் பார்க்கும் அதே பாணி. இடிந்துபோன இந்துக் கோயில் ஒன்றின் தூண்களைப் பிற்காலத் திருப்பணியில் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். அந்தக் கோயில் இப்போது இல்லை. அதன் சிற்பங்கள் சில கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. யுனெஸ்கோ அறிவித்த 22 இடங்களில் தமிழர் கோயில் என்று தனியாக ஒன்றும் இல்லை, ஏனெனில் அப்படி ஒன்று இன்று நிற்கவில்லை. நின்றுகொண்டிருப்பதை மட்டுமே சித்திர வரைபடம் வரைகிறது.

புத்தகத்தில் படித்திருந்ததால் நாங்கள் மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனோம். முன்பக்கத்தில் இருந்த கூட்டத்தில் கால்வாசிகூட அங்கே இல்லை. படத்தை மட்டும் நம்பி வந்த ஒரு தமிழ் மாணவர், அந்தத் தூண்களுக்கு முப்பது நாற்பது அடி தூரத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, அவை இருப்பதே தெரியாமல் திரும்பிப் போகக்கூடும்.

ஆகவே, சித்திர வரைபடத்தைத் திறக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இதை வரைந்தவர் யார்? சுற்றுலாத் துறை வரைந்தால் பெருமைக்குரியவை பெரிதாகும், வணிக நிறுவனம் வரைந்தால் கடைகள் பெரிதாகும். எப்போது வரைந்தார்? சீன நகரங்கள் வேகமாக மாறுகின்றன, கையால் வரைந்த படம் அந்த வேகத்திற்கு ஈடு கொடுப்பதில்லை. இதில் எதற்கு இடமில்லை? இந்த மூன்றாவது கேள்விக்குப் படத்தில் விடை கிடைக்காது. புறப்படும் முன் நூலகத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டால்தான் கிடைக்கும்.

நம் ஊருக்கும் ஒரு சித்திரம்

சுவான்சௌவைப் பற்றி எழுதும்போது என் மனம் ஜெலாப்பாங்கிற்கே செல்கிறது. எங்கள் பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டம் இன்று தாமானாகிவிட்டது. கைப்பேசி வரைபடத்தில் தேடினால் இணைவீடுகளும் எண்ணெய் நிலையமும் வருகின்றன. லய வீடுகள் எங்கே இருந்தன, ரப்பர் ஸ்டோர் எங்கே இருந்தது, மாரியம்மன் கோயில் முதலில் எந்த மேட்டில் இருந்தது என்பதெல்லாம் பாட்டியின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. ஜெலாப்பாங், சிலிபின், செம்மோர், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வாழும் பல குடும்பங்களுக்கு இதே கதைதான். சைத்தூன் தமிழர்களுக்காவது கல்லில் எழுத்து மிஞ்சியது. தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் கல்வெட்டு எதுவும் வெட்டி வைக்கவில்லை.

பாட்டிக்குச் சாதாரண வரைபடத்தைக் காட்டினால் ஒன்றும் புரிவதில்லை. அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் அல்லர். ஆனால், ஒரு தாளில் கோயிலையும் ஆற்றையும் ஒரு மரத்தையும் படமாக வரைந்து கொடுத்தேன். “இல்லம்மா, கோயிலு ஆத்துக்கு அந்தப் பக்கம். தண்டல் வீடு இங்க” என்று தாமே திருத்தத் தொடங்கிவிட்டார். சீன எழுத்து தெரியாத எனக்குச் சுவான்சௌவில் உதவிய அதே முறை, வரைபட மொழி தெரியாத பாட்டிக்கும் உதவியது. எழுத்து தெரியாதவரும் படித்து, திருத்தி, சேர்க்கக்கூடிய ஆவணம் என்றால் அது படம்தான்.

இதை நம் கழகம் ஒரு பணியாக எடுத்துக்கொள்ளலாம். விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு தோட்டத்திற்கு மூன்று மாணவர்கள் போதும். ஒருவர் பெரியவர்களிடம் கேட்க, ஒருவர் வரைய, ஒருவர் அதைக் கணினியில் ஏற்றி ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெரியவர்களின் குரலையே பதிவாக இணைக்க. மேலே சொன்ன ஆணி அடிக்கும் முறையில், இன்றும் நிற்கும் தமிழ்ப்பள்ளியையும் கோயிலையும் ஆற்றுப் பாலத்தையும் நிலத்தோடு பொருத்திவிட்டால், மறைந்துபோன மற்றவை ஏறத்தாழ எங்கே இருந்தன என்பது தெரிந்துவிடும். பட்டதாரிகளாகி வெளியூர்களில் பணியாற்றும் மூத்த மாணவர்கள் தங்கள் தோட்டத்துப் பெயரையும், இன்னும் விவரம் சொல்லக்கூடிய ஒரு பெரியவரையும் கழகத்திற்கு அறிமுகப்படுத்தினாலே தொடக்கத்திற்குப் போதும்.

நண்பர்களே, சீனாவிற்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் எழுத்து தெரியாது என்பதற்காகத் தயங்காதீர்கள். படத்தைப் பார்த்துப் போங்கள், வழிகாட்டும் செயலியில் தூரத்தைச் சரிபாருங்கள், பெயரைச் சீன எழுத்தில் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கையுவான் கோயிலுக்குப் போனால் மறவாமல் மண்டபத்தின் பின்பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, பையில் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் இருக்கட்டும். பாட்டிமார்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.